பானை சட்டியோடு தேரிக்குள்

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் சாலைகளில் ஓடும் வேன்களின் கூரையைப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடும். பொங்கல் பானை, அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம், சுருட்டிய பாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தார்ப்பாய். குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் அவை. பாட்டி முதல் கைக்குழந்தை வரை, சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள் உட்பட, வீட்டில் உள்ள அத்தனை பேரும் அடுப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களில் பலருடைய சாஸ்தா இருப்பது செம்மணல் தேரிக்குள். மணலில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டி, பொங்கி, படைத்து, சாப்பிட்டு, மரத்தடியில் படுத்துத் தூங்கி, வந்த வழியே திரும்புகிறார்கள். சில நாளில் காற்று அந்த அடுப்புக் குழியையும் மூடிவிடும். ஒரு நிலத்துக்குள் போய், தங்கி, திரும்புவதும் அந்த நிலத்தோடு வாழ்கிற முறைகளில் ஒன்றுதான் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. தேரியின் வரலாறு பெரும்பாலும் அப்படிப் போய்த் திரும்பிய குடும்பங்களின் வரலாறு. நிலையாக வீடு கட்டி இருந்தவரையும் உழுது விதைத்தவரையும் மட்டும் எண்ணப் பழகிய அரசுக் கணக்கு, தேரியைத் தரிசு என்று எழுதிவைத்தது. அது பிழையான கணக்கு.

தேரி என்பது தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய ராதாபுரம் வட்டாரத்திலும் கடலுக்குப் பக்கமாகக் கிடக்கும் சிவந்த மணல்மேடுகள். குதிரைமொழித் தேரியும் சாத்தான்குளத்துத் தேரியும் இவற்றில் பெரியவை. ஒவ்வொரு மணல் பருக்கையின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் இந்த நிறம். ஒரு பிடி அள்ளினால் உள்ளங்கையில் செம்பொடி ஒட்டிக்கொள்ளும். அந்த மணலுக்குள்ளே இல்மனைட், கார்னட், சிர்கான் போன்ற கனிமங்களும் கலந்திருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதியபோது தேரியையும் விரிவாக ஆராய்ந்தார். மேற்கு மலையடிவாரத்துச் செம்மண்ணைத் தென்மேற்குக் காற்று வாரிக்கொண்டு வந்து கிழக்கே கொட்டியதுதான் தேரி என்பது ஒரு விளக்கம். கடல் பின்வாங்கிய காலத்தில் வெளிப்பட்ட கடற்கரை மணலைக் காற்று குவித்தது, பின்னால் அது சிவந்தது என்பது இன்னொன்று. எப்படியிருந்தாலும் வேலை செய்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் பாய்ந்து வரும் அந்தக் காற்றை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் பதிந்த காலடி மாலைக்குள் காணாமல் போகும். கழுத்து வரை மணலில் புதைந்து நிற்கும் பனைகளும் இங்கே உண்டு. மணல் கெட்டித்த இடங்களில் மழைநீர் அறுத்த ஓடைகள் ஆள் மறையும் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகின்றன.

படம் பிடிக்க வருகிறவர்கள் இதைத் தமிழ்நாட்டின் பாலைவனம் என்கிறார்கள். கண்ணுக்கு அப்படித் தோன்றுவது உண்மை. ஆனால் மழைக் கணக்கு வேறு சொல்கிறது. ராஜஸ்தானத்து ஜெய்சல்மர் பக்கம் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாது. தூத்துக்குடி மாவட்டம் வறண்டதுதான் என்றாலும் இங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவது. களிமண் தரையில் விழுந்தால் ஓடியோ வெயிலில் ஆவியாகியோ போய்விடும் அந்தத் தண்ணீரைத் தேரி மணல் விழுந்த மாத்திரத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடியில் இறுகிய அடுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. மேடு முடிகிற அடிவாரத்தில் அது கசிந்து ஊற்றாகவும் சுனையாகவும் வெளிவருகிறது. தேரியை ஒட்டிப் புத்தன்தருவை, வைரவன்தருவை போன்ற நீர்நிலைகள் அமைந்திருப்பதைப் பார்க்க வேண்டும். தருவை என்று இந்த வட்டாரத்தார் சொல்வது ஆழமில்லாமல் அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பை. மேலே நெருப்பாய்ச் சுடும் மணல், கீழே தண்ணீர். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தேரி. மேலே உள்ளதை மட்டும் பார்த்தவர்கள் தரிசு என்றார்கள். கீழே உள்ளதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் குடும்பத்தோடு உள்ளே போனார்கள்.

அப்படிப் போனவர்களின் மிகப் பழைய சான்று கல்லில் இருக்கிறது. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் உள்ளிட்ட தேரிப் பகுதி ஊர்களில், மேல்மணலைக் காற்றும் மழையும் அரித்துக்கொண்டு போன இடங்களில், விரல் நகத்தளவு சிறுசிறு கல் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. சியூனர், ஆல்சின் என்ற இரண்டு தொல்லியல் அறிஞர்கள் இவற்றை ஆராய்ந்து 1956-இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் எழுதினார்கள். தேரிப் பண்பாடு என்ற பெயரில் இந்தியத் தொல்லியல் பாடநூல்களில் இடம்பெறுவது இதுதான். செர்ட், குவார்ட்ஸ் கற்களைச் செதில் செதிலாக உடைத்து, அம்பு முனையிலும் கத்தியிலும் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை அவை. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட மாறி இருந்த காலத்தில், மேடுகளுக்கு நடுவிலும் காயல்களின் ஓரத்திலும் வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்த கூட்டங்கள் விட்டுப்போன பொருட்கள். பல ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் நேர் வாரிசுகள்தான் இன்றைய தேரி மக்கள் என்று நான் வாதாடவில்லை. அப்படிச் சொல்வது வரலாறு ஆகாது. ஒரே நிலம் வெவ்வேறு காலத்து மனிதர்களை ஒரே மாதிரி நடக்க வைத்திருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர்களும் வந்தார்கள், தண்ணீர் இருக்கும் இடத்தருகே தங்கினார்கள், போனார்கள். மாளிகையும் கோட்டையும் இல்லாத நிலத்தில் மிஞ்சுவது உடைத்துப் போட்ட கற்செதில்தான்.

அடுத்த சான்று பெயர்களில் இருக்கிறது. திருச்செந்தூருக்கு அருகே மேலப்புதுக்குடியில் இருக்கும் சாஸ்தாவின் பெயர் அருஞ்சுனை காத்த அய்யனார். கிடைத்தற்கரிய ஒரு சுனையைக் காவல் காப்பவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. காயாமொழிக்குப் பக்கத்தில் தேரிக்குடியிருப்பில் இருப்பவர் கற்குவேல் அய்யனார். கற்குவா மரத்திலிருந்து தோன்றியவர் என்பது கோயில் கதை. ஒருவர் தண்ணீருக்குக் காவல், இன்னொருவர் மரத்துக்கு உரியவர். செம்மணலுக்குள் போகிற குடும்பத்துக்கு இந்த இரண்டையும் தவிர வேறு என்ன வேண்டும்? பொய்த் திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்ட ஒரு பெண்ணின் சாபத்தால் மண்மாரி பொழிந்து செழிப்பான நாடு தேரியாயிற்று என்ற கதையும் இந்த வட்டாரத்தில் வழங்குகிறது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதைச் சொன்னவர்கள் தேரியைக் காலியிடமாகக் கருதவில்லை என்பது மட்டும் உறுதி. அநீதி நடந்த இடமாக, தண்டிக்கப்பட்ட இடமாக, அதனால் பயபக்தியோடு நுழைய வேண்டிய இடமாகக் கருதினார்கள். பழந்தமிழ் மரபும் இதற்கு அந்நியமில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்து பாலையாகும் என்று சொல்லும் சிலப்பதிகாரம், அந்தப் பாலைக்கும் மனிதர்களைக் காட்டுகிறது, கொற்றவையைக் காட்டுகிறது. தெய்வம் இல்லாத நிலம் என்று எதையும் அந்த மரபு ஒதுக்கவில்லை.

திருவிழா ஆண்டுக்கு ஓரிரு நாள் காரியம். குடும்பங்கள் மாதக்கணக்கில் தேரிக்குள் போனது பனைக்காக. தை, மாசியில் பாளை விடத் தொடங்கியதிலிருந்து ஆடி வரை பனையேறியின் வீடு ஊரில் இருக்காது, பனங்காட்டுக்குள் இருக்கும். விடிலி என்று அதற்குப் பெயர். பனை ஓலையால் வேய்ந்த, குனிந்து நுழைய வேண்டிய குடிசை. புகை போகிற அளவுக்குத்தான் திறப்பு. நடுவில் மண்ணில் கட்டிய பெரிய அடுப்பு. ஆண் விடிவதற்கு முன்னாலேயே திளாப்பைக் காலில் மாட்டி, அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறத் தொடங்குவார். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம், அதுவும் காலையும் மாலையும். ஆண் மரமான அலகுப்பனையில் ஒரு விதமாகவும் பெண் மரமான பருவப்பனையில் வேறு விதமாகவும் பாளையைப் பக்குவப்படுத்திச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்க வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீர் அடுப்பைச் சேர்ந்த பிறகு மீதி எல்லாம் பெண்ணின் வேலை. மணிக்கணக்கில் தீ எரிய வேண்டும். பொங்கி வழியாதிருக்க இடித்த ஆமணக்கு விதையைத் தூவ வேண்டும். பதம் பார்த்து இறக்கி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட வேண்டும். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு பாகாகவே நின்றுவிடும். உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் இன்று ஊர் ஊராகப் பரவியிருப்பது அந்தப் புகை மூட்டத்துக்குள் உட்கார்ந்து பதம் கண்ட கைகளால்தான். பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது. சுள்ளியும் காய்ந்த ஓலையும் பொறுக்குவது, கலயம் கழுவுவது, ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்புவது. எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்பதை இந்தப் பிள்ளைகள் எழுத்து படிப்பதற்கு முன்பே படித்திருந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. விடிலி வாழ்க்கையை அழகாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அது வறுமை துரத்திய வாழ்க்கை அல்லவா? ஆமாம். மரத்திலிருந்து விழுந்து செத்தவர்களும் முடமானவர்களும் பனையேறிக் குடும்பங்களில் ஏராளம். பருவம் தொடங்குமுன் வாங்கிய முன்பணத்துக்கு எழுதிக்கொடுத்த விலையில் கருப்பட்டியை வியாபாரியிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொழிலைச் செய்த சமூகத்தின் மீது சாதி சுமத்திய இழிவு தனிக்கதை. தூத்துக்குடியில் வாழ்ந்து எழுதும் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஆ. சிவசுப்பிரமணியன் 'பனை மரமே! பனை மரமே!' நூலில் மரத்தின் பெருமையோடு இந்தத் துயரத்தையும் சேர்த்தே பேசுகிறார். ஆனால் துயரம் இருந்தது என்பதால் அறிவு இல்லாமல் போய்விடாது. எந்த மேட்டின் எந்தச் சரிவில் பனை நிற்கும், எந்த ஓடையில் ஊற்று வற்றாது, காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் மணலைத் தள்ளும் என்பதெல்லாம் அந்த வறுமைக்குள் சேர்த்த செல்வம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய், பனையை விட்டு வெளியேறியது நல்லதே. அவர்களோடு அந்த அறிவும் எழுதப்படாமலே வெளியேறியது நட்டம். இரண்டையும் ஒருசேரச் சொல்லத்தான் வேண்டும்.

எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களே. 1799-இல் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் உண்டானது. புதிதாகக் கிறிஸ்தவம் தழுவி, அதனால் சொந்த ஊர்களில் துன்பப்பட்டவர்களுக்காக வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர் அது. அடைக்கலம் தேடியவர்கள் தேரிப் பக்கம் வந்ததில் வியப்பில்லை. நிலம் மலிவு, பனை இருந்தது, தோண்டினால் தண்ணீர் இருந்தது. பிற்பாடு சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று ஊர்கள் இந்த மணலோரத்தில் பெருகின. 1841-இல் கிறிஸ்தவ மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே வந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அந்த அறிஞரே, 1849-இல் பனையேறும் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறுநூலால் அந்தச் சமூகத்தாரின் கடும் கோபத்துக்கு ஆளானார். பனையைப் பற்றியும் மணலைப் பற்றியும் அவர் கூர்ந்து பார்த்து எழுதியவற்றுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அந்த மரத்தடியில் வாழ்ந்த மனிதர்களை அவர் எடைபோட்ட விதம்தான் பிழைபட்டது. தேரி ஆவணங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. நிலத்தைப் பற்றிய அவர்களின் குறிப்புகளை நம்பலாம். மனிதர்களைப் பற்றிய தீர்ப்புகளை அப்படியே ஏற்க முடியாது.

இதே கரையில் இன்னொரு தொழிலை எடுத்துக்கொண்டால் என் வாதம் இன்னும் தெளிவாகும். முத்துக்குளிப்பும் வந்து தங்கித் திரும்பும் தொழில்தான். பார் என்று அழைக்கப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று அரசு ஆட்களை அனுப்பிப் பார்க்கும். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்டு, இந்த ஆண்டு குளிப்பு உண்டு என்று அறிவிக்கும். அறிவிப்பு வந்ததும் வெறும் மணற்கரையில் ஓலைக் கொட்டகைகள் முளைக்கும். குளியாட்கள், படகுக்காரர், முத்து வியாபாரிகள், கடைக்காரர்கள், காவலர்கள், வைத்தியர் எல்லாரும் கூடி ஒரு நகரமே உண்டாகும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டிக்கும் அதில் இடம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் மீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாகக் குறித்திருக்கிறார். போர்ச்சுக்கீசியர், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியபோதெல்லாம் முத்துப்பாரும் கை மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டு ஒன்றைக் குளியாட்களுக்கு விட்டது. எட்கர் தர்ஸ்டன் இந்த மன்னார் வளைகுடாத் தொழிலைப் பற்றி 1890-இல் தனி நூலே எழுதினார். சில வாரங்களில் குளிப்பு முடியும். கொட்டகைகள் பிரியும். அழுகிய சிப்பியின் நாற்றமும் ஓட்டுக் குவியலும் மட்டும் மிஞ்சும். மறுபடி குளிப்பு நடக்க ஐந்து ஆண்டும் ஆகலாம், முப்பது ஆண்டும் ஆகலாம். கடைசிக் குளிப்பு நடந்தது 1961-இல்.

இந்தக் கடலடியை யாராவது தரிசு என்று எழுதினார்களா? எந்த மனிதனும் ஒரு மூச்சுக்கு மேல் தங்க முடியாத இடம் அது. ஆனாலும் ஒவ்வொரு பாருக்கும் பெயர் இருந்தது. தோலாயிரம் பார் என்றால் அதன் ஆழம், கரையிலிருந்து தூரம், சிப்பியின் வயது எல்லாம் அரசுக் கோப்பில் இருந்தன. குளிப்பு இல்லாத ஆண்டிலும் ஆய்வு நடந்தது. தேரிக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. ஆண்டு தவறாமல் குடும்பங்கள் போய் மாதக்கணக்கில் தங்கிய மேடுகளுக்கு, மக்கள் வாயில் பெயர் இருந்ததே தவிரக் கோப்பில் இல்லை. காரணம் வெளிப்படை. முத்தில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு. தேரிச் சுனையில் அரசுக்குப் பங்கு இல்லை. ஆகவே ஒரு நிலம் தரிசா இல்லையா என்பதை முடிவு செய்தது அங்கே மனிதர் நடமாட்டம் இருந்ததா என்ற கேள்வி அல்ல. அந்த நடமாட்டத்திலிருந்து கருவூலத்துக்கு என்ன வந்தது என்ற கேள்வி. பனைக்கு வரி போட்டபோது மரத்தைத்தான் எண்ணினார்கள். மரங்களுக்கு நடுவே இருந்த பாதையையும் ஊற்றையும் கோயிலடியையும் எண்ணுவதற்கு அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை.

சாஸ்தா கோயில் பயணம் சமயக் கடமை, அதை நிலத்தின் மீதான உறவாக வாசிப்பது மிகை என்று சிலர் சொல்லலாம். இதற்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. மணப்பாட்டில் கடலுக்கு மேலே எழுந்து நிற்கும் மணற்குன்றின் மீது 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில் உண்டு. அதன் அடிவாரத்துக் குகையில் 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் தங்கினார். செப்டம்பர்த் திருவிழாவுக்குக் குடும்பங்கள் குடும்பங்களாக வந்து தங்குகிறார்கள். தெற்கே உவரி அந்தோணியார் கோயிலிலும் கடற்கரை மணலில் நாள்கணக்காகத் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. வேதம் மாறியவர்களிடமும் மாறாத ஒன்று இருக்கிறது. பானை சட்டியோடு மணலுக்குப் போவது, கூடித் தங்குவது, திரும்புவது. அது வெறும் சடங்காக இருந்திருந்தால் சமயத்தோடு போயிருக்கும். அதைவிட ஆழமான பழக்கமாக இருந்ததால் தங்கிவிட்டது. சாஸ்தா கோயில்களில் இன்னொன்றும் காணலாம். ஒரே சாஸ்தா பல சாதிக் குடும்பங்களுக்குக் குலதெய்வமாக இருப்பார். ஊருக்குள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத காலத்திலும் தேரிக்குள் ஒரே தெய்வத்தின் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். சமமாக நின்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. படையலிலும் முறையிலும் முன்பின் இருந்தது. ஆனால் இந்த இடம் இன்னாருக்கு மட்டும் உரியது என்று ஒருவராலும் வேலி போட முடியவில்லை.

பேருந்தும் வேனும் வந்த பிறகு பெருகிய கூட்டத்தைப் பழைய வழக்கம் என்று காட்டுவதாக இன்னொரு மறுப்பு வரலாம். கூட்டம் பெருகியது உண்மை. தங்கும் நாள் குறைந்ததும் உண்மை. மாட்டுவண்டி கட்டி இரவெல்லாம் வந்து இரண்டு மூன்று நாள் தங்கியவர்களின் பேரன்கள், காலையில் காரில் வந்து மாலையில் போய்விடுகிறார்கள். காஸ் அடுப்பு கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் மொட்டை போடுவதும் காது குத்துவதும் அங்கேதான் நடக்க வேண்டும் என்கிறார்கள். சாஸ்தாவுக்குச் சைவப் பொங்கல், சுடலைமாடனுக்கும் பேச்சிக்கும் தனியே படையல் என்ற வரிசை மாறவில்லை. முகவரி மாறிய குடும்பத்துக்கும் சாஸ்தா மாறுவதில்லை. வேன் புதியது, போகிற இடம் பழையது.

கூட்டத்தால் நிலத்துக்குக் கேடு வருகிறது என்பதை மறுக்க மாட்டேன். இதற்குத் தேரியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு பொருநை எனும் தாமிரபரணியின் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படும் இடம். பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் சன்னிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்குத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் போய், ஆற்றங்கரைக் காட்டில் குடில் கட்டிப் பல நாள் தங்கும் வழக்கம் இருந்தது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிற இடம். ஞெகிழிக் குப்பையும் ஆற்றில் விட்ட துணிகளும் சேர்ந்ததால் வனத்துறை நாட்களைக் குறைத்தது, கட்டுப்பாடு விதித்தது. கட்டுப்பாடு தேவைதான். அதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கட்டுப்படுத்த முனைந்ததாலேயே அரசு அங்கே வருகிற குடும்பங்களை ஏற்றுக்கொண்டது. எத்தனை நாள், எந்த இடம், எவ்வளவு பேர் என்று பேச வேண்டி வந்தது. தேரியில் அந்தப் பேச்சே எழவில்லை.

எழாததன் விலை என்ன என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. மத்திய அரசு 2000-இல் முதன்முதலாக வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் மணற்பரப்பு என்பதே ஒரு தரிசு வகை. 2007-இல் சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரத்துத் தேரி மணலிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க டாடா நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு 2,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தது. ஒன்றுக்கும் உதவாத நிலம்தானே என்பது அதை ஆதரித்தவர்களின் வாதங்களில் ஒன்று. எதிர்ப்பு வலுத்ததால் திட்டம் நின்றுபோனது. மணலைத் தோண்டி எடுத்தால் அது தாங்கியிருக்கும் தண்ணீர் என்னவாகும் என்பது அன்று மக்கள் கேட்ட கேள்வி. விடிலிக் காலத்து அறிவிலிருந்து வந்த கேள்வி அது. 2024 பிப்ரவரி 28 அன்று இதே வட்டாரத்துக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கு நோக்கி ஏவும் சிறு ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டியிருக்காது என்பதால் அந்த இடம் தேர்வானது. நாட்டுக்கு வேண்டிய திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இழப்பீட்டுக் கணக்கில் பட்டாவும் மரமும் வரும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மரத்தடிக்கு வந்து போகிற உரிமை எந்தக் கலத்தில் வரும்? 2006-இன் வன உரிமைச் சட்டத்தில்கூட, பழங்குடி அல்லாதவர்கள் 75 ஆண்டுகளாகக் காட்டிலோ காட்டு நிலத்திலோ முதன்மையாகக் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். பருவத்துக்குப் பருவம் வந்து போகும் உரிமையை அந்தச் சட்டம் மேய்ச்சல்காரர்களுக்கும் நாடோடிகளுக்கும் சொல்கிறது. பனையேறிக் குடும்பமும் சாஸ்தாவுக்குப் பொங்க வருகிற குடும்பமும் அதில் எங்கும் பெயர் சொல்லி வரவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டு நடக்கிறது. கள்ளனாக வைத்த இளநீரைத் தேரியில் வைத்து வெட்டுவார்கள். அதன் நீர் சிந்திய மணலைக் கூட்டம் முண்டியடித்து அள்ளி, முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு போகும். வீட்டிலும் வயலிலும் கடையிலும் அது ஆண்டு முழுவதும் இருக்கும். அந்த மணல் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த ஆண்டு அதோடு இன்னொன்றையும் சேர்த்து வையுங்கள். உங்கள் சாஸ்தா எந்த ஊர் எல்லையில் இருக்கிறார், தாத்தா காலத்தில் எந்த வழியாக நடந்து போனார்கள், எந்தச் சுனையில் தண்ணீர் எடுத்தார்கள், எந்த மேட்டில் விடிலி போட்டிருந்தார்கள், அந்த மேட்டை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டு, தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்துப் பதிவேட்டில் அவை இல்லை. விடிலிக்குள் கருப்பட்டி காய்ச்சிய பெண்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.